வெள்ளைப் பட்டை கட்டும் முன்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



கராத்தே பற்றி நான் பேசப்போகிறேன் என்றதும் எங்கள் பள்ளியில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பதில் நியாயம் உண்டு. நான் அறிவியல் ஆசிரியர், கறுப்புப் பட்டைக்காரி அல்ல. மாணவிகளின் தற்காப்புப் பயிற்சிக்கு என்னைப் பொறுப்பாசிரியராகப் போட்டார்கள். மைதானத்து ஓரம் நாற்காலி போட்டு விடைத்தாள் திருத்தலாம் என்றுதான் போனேன். இரண்டாம் நாளே ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "நீங்களும் வாங்க டீச்சர்" என்று கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். 43 வயதில் கடைசி வரிசையில் போய் நின்றேன். அந்த வாரமே உதைக்கிறேன் பேர்வழி என்று முழங்காலைப் பிசக்கிக்கொண்டேன். ஆகவே நான் பேசுவது தொடக்கநிலைக்காரரின் பேச்சு.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வியின் கீழ் ராணி லட்சுமிபாய் தற்காப்புப் பயிற்சி நம் பள்ளிகளுக்கு வருகிறது. காலம் மூன்று மாதம். பல பள்ளிகளில் கற்றுத்தருவது கராத்தே. பிள்ளைகள் சினிமாவை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். முதல் நாளே பறந்து உதைக்கலாம் என்று நினைப்பு. நடப்பது வேறு. எப்படிக் குனிந்து வணங்குவது, எப்படி நிற்பது, கட்டைவிரலை உள்ளே வைக்காமல் எப்படிக் கையை மூடுவது, மணிக்கட்டை வளைக்காமல் எப்படி நீட்டுவது, இவ்வளவுதான். ஒரே குத்தை நூறு முறை. இரண்டாம் வாரத்தில் பாதிப் பேருக்குச் சலிப்பு தட்டிவிடும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் நிற்பவர்கள் நிற்பார்கள். நாங்கள் சொல்லவில்லை. முதல் ஆண்டு பதினைந்து பேர் நின்றுபோனார்கள்.

இந்தச் சலிப்பான ஒழுங்கை உருவாக்கியவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது. ஒகினாவா தீவில் ரகசியமாகக் கற்றுத்தரப்பட்ட கலையை 1901ஆம் ஆண்டுவாக்கில் பள்ளிக்குள் கொண்டுவந்தவர் இட்டோசு அன்கோ. பள்ளிப் பிள்ளைகளுக்கென்றே பினான் என்ற ஐந்து எளிய வரிசைகளை அமைத்தார். 1922இல் டோக்கியோவில் அதைச் செய்துகாட்டிய ஃபுனகோஷி கிச்சின் பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஜூடோவை 1882இல் தொடங்கிய கானோ ஜிகோரோ ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்றின் தலைவர். வெள்ளை உடையும் படிநிலைகளும் அவருடைய ஜூடோவிலிருந்துதான் கராத்தேவுக்கு வந்தன. வகுப்பறைக்காக வடிவமைத்த கலை என்பதால்தான் அது நம் வகுப்பறை போலவே இருக்கிறது: வரிசை, வருகை, திரும்பத் திரும்ப.

உடம்பு விஷயத்தில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. நம் உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் பலர் எதுவும் சாப்பிடாமல் வருகிறார்கள். அம்மா எட்டரை மணி ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் டீத்தண்ணி மட்டும்தான். ஒரு காலைப் பயிற்சியில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அதன்பின் சத்துணவுக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் விட்டு, கடைசிப் பாடவேளைக்கு மாற்றினோம். வெறுங்காலில் செய்வதால் சிமெண்ட் தரையை முதலில் நீங்கள் மிதித்துப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் மூன்று மணிக்கு அது தோசைக்கல். எங்களுக்கு வேப்பமரத்தடி மண் கிடைத்தது. நகம் வெட்டியிருக்க வேண்டும். வளையல், கொலுசு, தோடு கழற்ற வேண்டும். மாதவிடாய் நாளில் வருவதா உட்காருவதா என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்யட்டும், காரணம் கேட்க வேண்டாம். வீசிங், பழைய எலும்பு முறிவு உள்ளவர்களைப் பயிற்சியாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. ஆண்டு விழாவில் ஓடு உடைக்கச் சொல்லாதீர்கள். வளரும் எலும்பு அது. கைதட்டல் ஒரு நிமிடம், விரல் மூட்டு வாழ்நாளுக்கும். இதில் சக ஆசிரியர்களோடு எனக்குச் சண்டையே உண்டு.

மூன்று மாதம் முடிந்ததும் ஆர்வமுள்ள பிள்ளைகள் வெளியே வகுப்புக்குப் போவார்கள். அங்கேதான் பட்டை விவகாரம் தொடங்குகிறது. நிறத்துக்கு ஒரு தேர்வு, தேர்வுக்கு ஒரு கட்டணம். மாதக் கட்டணத்தை மட்டும் கேட்டுச் சேர்த்துவிட்டு, பிறகு வட்டிக்கு வாங்கிக் கட்டிய ஒரு தந்தையை எனக்குத் தெரியும். சேரும் முன் ஆண்டு முழுவதுக்குமான செலவைக் கேட்கச் சொல்லுங்கள். சான்றிதழ் தரும் சங்கங்கள் ஏராளம். விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு எது செல்லும் என்பதை மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம். உடைக்கும் உடனே செலவு வேண்டாம், டிராக் பேண்டும் பனியனும் போதும். எங்கள் மாணவியின் அம்மா ஒருவர், பவர் டேபிள் டெய்லர், பயிற்சியாளரின் உடையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பனியன் துணி இல்லீங்க டீச்சர், நெசவுத் துணி. கவட்டுல தனித்துண்டு வெச்சுத் தெச்சிருக்காங்க, அதான் கால் தூக்குனா கிழியறதில்ல" என்றார். அடுத்த வாரம் மகளுக்கு அவரே தைத்துவிட்டார்.

நான் எதிர்பாராத ஒரு நன்மையும் நடந்தது. எங்கள் பள்ளியில் ஒடியா பேசும் பிள்ளைகளும் இந்தி பேசும் பிள்ளைகளும் உண்டு. தமிழில் எண்ணும்போது திக்குபவர்கள். மைதானத்தில் எண்ணிக்கை ஜப்பானிய மொழி: இச்சி, நி, சான், ஷி, கோ. அது எல்லோருக்கும் ஒரே அளவு புதிது. ஒரு ஒடியா சிறுமிதான் முதலில் பத்து வரை சொன்னாள். அடுத்த நாளிலிருந்து முன்வரிசையில் நின்று எண்ணுவது அவள்தான்.

இனி, இந்தப் பேச்சுக்கே காரணமான விஷயம். ஐந்தாம் வாரம் ஒரு எட்டாம் வகுப்புப் பெண் பயிற்சியாளரிடம் கேட்டாள், "மூணு மாசம் முடிஞ்சா பெரிய ஆம்பளைய அடிச்சுட முடியுமாக்கா?" அவர் யோசிக்கவே இல்லை. "முடியாது கண்ணு. கையை உதறிட்டு ஓடணும், கத்தணும், ஆள் இருக்கிற இடத்துக்குப் போகணும். அதுக்குத்தான் இது" என்றார். எனக்கு முதலில் கோபம் வந்தது, பிள்ளையின் ஊக்கத்தைக் கெடுக்கிறாரே என்று. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் வாடியதைப் பார்த்த பிறகுதான், ஏன் கேட்டாள் என்ற கேள்வி எனக்கு வந்தது.

மறுநாள் இடைவேளையில் ஆய்வகத்தில் பிப்பெட் கழுவ உதவிக்குக் கூப்பிட்டேன். நேராகக் கேட்கவில்லை. மெல்ல மெல்லச் சொன்னாள். லைன் வீடு. அப்பா இல்லை. அம்மா ஒன்றரை ஷிப்ட் முடித்து வர எட்டரை, ஒன்பது ஆகும். அதுவரை அவள் தனியே. பக்கத்து வீட்டு ஆள் கதவைத் தட்டுகிறான், இரண்டு முறை கையைப் பிடித்திருக்கிறான். கராத்தே கற்றுக்கொண்டால் தானே சமாளித்துக்கொள்ளலாம், அம்மாவிடம் சொல்ல வேண்டியிருக்காது என்று அவளாகக் கணக்குப் போட்டிருக்கிறாள்.

அன்றே தலைமையாசிரியரிடம் சொன்னோம், 1098க்கு அழைத்தோம். போக்சோ சட்டப்படி தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது நம் மேல் குற்றம். அம்மாவை வரவழைத்தபோது, வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்றுதான் முதலில் பயந்தார். இப்போது வேறு பகுதியில் இருக்கிறார்கள். அவர் ஒரு ஷிப்டோடு வந்துவிடுகிறார். சனிக்கிழமைச் சம்பளம் குறைந்திருக்கிறது.

நானும் முதல் ஆண்டு பெற்றோர் கூட்டத்தில், "இனி உங்கள் பிள்ளைகள் பயப்பட வேண்டாம், கராத்தே வந்துவிட்டது" என்று மேடையில் பேசியவள்தான். இப்போது அப்படிப் பேசுவதில்லை. முதல் வகுப்பிலேயே பயிற்சியாளர் சொன்ன பதிலை நான் சொல்லிவிடுகிறேன், 1098ஐயும் 14417ஐயும் நோட்டில் எழுத வைக்கிறேன், யாரிடம் வந்து சொல்லலாம் என்று மூன்று ஆசிரியர்களின் பெயரைச் சொல்கிறேன். அதன்பின்தான் குனிந்து வணங்கக் கற்றுத்தருகிறார்கள்.

அந்தப் பெண் இப்போது ஒன்பதாம் வகுப்பு. பயிற்சியை விடவில்லை. முழங்கால் சரியாகி நானும் கடைசி வரிசைக்குத் திரும்பிவிட்டேன். என் நிற்கும் நிலை தவறு என்று வாரம் ஒருமுறை திருத்துவது அவள்தான்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.