காவலூரில் பதிவான சில விநாடிகள்
(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"கோள்களை ஆராயணும்னா அமெரிக்காவுக்குத்தான் போகணுமா சார்?" என்று இங்கே ஒரு மாணவர் கேட்டார். நம் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு, வேலூரைத் தாண்டினால் ஜவ்வாது மலை. அங்கே காவலூர் வானாய்வகத்தில் 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. அதன் கதைதான் என் பதில்.

நகர்ந்து போகும் ஒரு கோள் எப்போதாவது ஒரு விண்மீனை மறைக்கும். விண்மீனின் ஒளி சட்டென்று நின்றால் அங்கே காற்று இல்லை. படிப்படியாக மங்கினால் காற்று உண்டு.

வியாழனின் துணைக்கோள் கானிமீட், பனி நிறைந்தது, புதனைவிடப் பெரியது. 1972 ஜூன் 7 அன்று அது ஒரு விண்மீனை மறைத்ததைக் காவலூரிலும், இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் பதிவு செய்தார்கள். கானிமீடில் காற்று உண்டு என்றார்கள். அவர்கள் சொன்ன அளவு மிக அதிகம் என்று 1979இல் வாயேஜர் காட்டியது. பிறகு ஹப்பிள் தொலைநோக்கி அங்கே மிக மெல்லிய ஆக்சிஜனைக் கண்டது.

அடுத்தது 1977 மார்ச் 10 இரவு. யுரேனஸ் ஒரு விண்மீனை நெருங்கியபோது, அதன் ஒளி சில விநாடிகள் குறைந்து மீண்டதைக் காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பதிவு செய்தார்கள். புதிய துணைக்கோளாக இருக்கலாம் என்று எண்ணினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடல் மேல் பறந்த அமெரிக்க விமானத் தொலைநோக்கி, கோளுக்கு ஒரு பக்கம் ஐந்து முறையும் மறுபக்கம் ஐந்து முறையும் ஒளி குறைந்ததைக் கண்டது. இரண்டு பக்கமும் ஒரே தூரம்! அப்படியானால் வளையங்கள்தானே? காவலூர்ப் பதிவும் அதற்குச் சாட்சியானது.

பாவில் ஒரு இழை அறுந்தால் நம்ம ஊர் நெசவாளி கண்ணுக்குத் தப்பாது. காவலூரிலும் அந்தக் கவனம்தான். மேகம் வந்திருக்கும்னு விட்டிருந்தால் அந்தப் பதிவு யாருக்கும் பயன்பட்டிருக்காது.

2023இல் ஐரோப்பியர் அனுப்பிய ஜூஸ் விண்கலம் 2034இல் கானிமீடைச் சுற்றத் தொடங்க வேண்டும். இன்றைய மாணவர்கள் அப்போது இளைஞர்களாக இருப்பார்கள். அந்த அளவீடுகளைப் படித்துப் பொருள் சொல்ல நம் பிள்ளைகளும் வேண்டாமா?

பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆண்டுக்கு ஒரு பஸ், காவலூர் போய் வர. செலவை நாம் பகிர்ந்துகொள்வோம்.