வளர்ப்பதற்கே அதிகாரம்



நிர்வாகவியலும் மனிதவள மேம்பாடும் பயின்று இன்று பட்டம் பெறும் உங்களில் பலர், இன்னும் சில ஆண்டுகளில், பிறருடைய உத்தியோக வாழ்வின் போக்கை நிர்ணயிக்கும் ஸ்தானங்களில் அமரப் போகிறீர்கள். யாருக்கு எந்த வேலையைத் தருவது, யாரை உயர்த்துவது, யாரை இருந்த இடத்திலேயே இருக்கவிடுவது என்ற தீர்மானங்கள் உங்கள் கையொப்பத்தை எதிர்பார்த்து நிற்கும். அந்த அதிகாரம் எதற்காக ஒருவருக்கு அளிக்கப்படுகிறது என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்வதே இத்தருணத்திற்குப் பொருத்தம் என்று கருதுகிறேன்.

1912 மார்ச் முதல் தேதியன்று, சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில், மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் ஓர் இளைஞர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரிகளில் படித்தும் கணிதம் நீங்கலான பாடங்களில் தேறாமற் போனவர். பட்டம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாதவர். ஸ்ரீநிவாச ராமாநுஜன் என்ற அவருடைய பெயரை இன்று உலகமே அறியும். ஆயினும் நான் இன்று சொல்ல வந்தது அவருக்கு மேலே இருந்த இருவரைப் பற்றி.

ஒருவர் கணக்குப் பிரிவின் தலைவரான நாராயண ஐயர். திருச்சிராப்பள்ளியில் கணித ஆசிரியராக இருந்து இந்த உத்தியோகத்துக்கு வந்த அவர், தம்மிடம் வேலைக்கு வந்திருப்பவர் எத்தகைய மேதை என்பதை விரைவிலேயே கண்டுகொண்டார். பகலில் அதிகாரியும் குமாஸ்தாவுமாக இருந்த அவ்விருவரும், மாலை வேளைகளில் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் சாலையிலிருந்த ஐயர் வீட்டு மாடியில், பெரிய சிலேட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு இரவு நெடுநேரம் வரையில் கணக்குகளில் ஆழ்ந்திருப்பார்கள். ராமாநுஜன் இடைப்படிகளையெல்லாம் மனத்திலேயே தாண்டிவிட்டு முடிவை மட்டும் எழுதும் வழக்கமுடையவர். ஐயரோ, தமக்கே விளங்காதது கடல் கடந்த நாட்டு அறிஞர்களுக்கு எங்ஙனம் விளங்கும் என்று எடுத்துச் சொல்லி, படிப்படியாக விரித்து எழுதும்படி விடாமல் வற்புறுத்தினார். அறிவில் தம்மினும் மிக்க ஒருவரிடத்தில், பொறாமை கொள்ளாமலும், வெறும் புகழ்ச்சியோடு நின்றுவிடாமலும், அவருக்கு இன்றியமையாத திருத்தத்தை அன்போடு சொன்ன அந்த மனோபாவத்தையே நான் மேலதிகாரியின் முதல் இலக்கணமாகக் கொள்கிறேன்.

மற்றொருவர் துறைமுகத்தின் தலைவராக இருந்த பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். தம் அலுவலகத்தின் கடைநிலைக் குமாஸ்தா ஒருவருக்காகத் தம் செல்வாக்கைச் செலவிட அவர் தயங்கவில்லை. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்திருந்தபொழுது ராமாநுஜனின் கணிதத்தை ஸ்பிரிங் அவர் பார்வைக்கு வைத்தார். வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. குமாஸ்தா வேலையிலிருந்து விடுபட்ட ராமாநுஜன் மறு ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். நல்ல குமாஸ்தாவை இழக்கிறோமே என்று துறைமுகம் அவரைப் பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. வழிவிடத் தெரிவதும் நிர்வாகத் திறமையே ஆகும்.

எல்லோரும் ராமாநுஜன் ஆவார்களா என்று நீங்கள் கேட்கலாம். ஆகமாட்டார்கள், ஆகவேண்டியதும் இல்லை. ஆனால் கணக்கெழுதுபவருக்கும், இயந்திரம் ஓட்டுபவருக்கும், கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கும் இன்று செய்வதைக் காட்டிலும் மேலான ஒன்றைச் செய்யும் சக்தி உண்டு. அதைக் காணும் கண் மேலே இருப்பவருக்கு வேண்டும். ராமாநுஜனுக்கு நாராயண ஐயர் அதிர்ஷ்டவசமாக வாய்த்தார். அந்த அதிர்ஷ்டத்தை ஒவ்வோர் ஊழியருக்கும் உரிமையாக ஆக்குவதே மனிதவளத் துறை என்ற ஒன்று இருப்பதன் நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

நடைமுறையில் நிகழ்வதை எண்ணிப் பாருங்கள். ஆண்டு முடிவில் மதிப்பீட்டுப் படிவங்கள் மேலாளரின் மேசைக்கு வருகின்றன. கெடு நாளின் மாலையில், வீட்டுக்குப் புறப்படும் அவசரத்தில், எல்லாப் படிவங்களிலும் ‘திருப்திகரம்’ என்ற ஒரே சொல் எழுதப்படுகிறது. ‘தேவைப்படும் பயிற்சி’ என்ற கட்டம் வெறுமையாகவே கோப்புக்குள் போகிறது. ஓராண்டு உழைத்த மனிதர், தாம் எதில் சிறந்தோம், எதில் பின்தங்கினோம் என்பதை அறியாமலே அடுத்த ஆண்டுக்குள் நுழைகிறார். அந்தக் கட்டம் வெறுமையாக வரும்போதெல்லாம் படிவத்தைத் திருப்பி அனுப்பும் துணிவு உங்களுக்கு இருக்குமானால், நீங்கள் பெற்ற பட்டத்துக்கு அதுவே போதிய பயனாகும்.

சட்டங்கள் ஓரளவுக்குத் துணை நிற்கும். 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைகளில் தொழிலாளர் நல அதிகாரியை நியமித்தே தீரவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. மகப்பேற்று விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக 2017ஆம் ஆண்டுத் திருத்தம் உயர்த்தியது. ஆனால் விடுப்பு முடிந்து திரும்பும் பெண்மணி, தாம் கவனித்து வந்த பொறுப்பு வேறொருவர் கைக்குப் போயிருப்பதையும், தமக்கென எஞ்சியிருப்பது எடுபிடி வேலையே என்பதையும் கண்டு மனம் சோர்வாரானால், அந்தச் சோர்வை எந்தச் சட்டப் பிரிவும் தீர்க்காது. அவர் திரும்பும் நாளுக்கு முன்பே அவருக்குரிய பணியைத் திட்டமிட்டு வைத்த மேலாளரே தீர்க்க முடியும். பயிற்சி வகுப்புக்கு அனுப்பினோம், சான்றிதழ் வாங்கிக் கொடுத்தோம் என்பதோடும் கடமை முடிவதில்லை. கற்றதைச் செய்து பார்க்க ஒரு வேலையும், பிழை நேர்ந்தால் திருத்திக்கொள்ள அவகாசமும், நன்றாகச் செய்தால் அவர் பெயரையே சபையில் சொல்லும் நேர்மையும் சேர்ந்தாலன்றி அப்பயிற்சி பயன் தராது.

அன்பிற்குரிய பட்டதாரிகளே! உங்கள் கீழ் வேலை பார்ப்பவர் ஒவ்வொருவரைப் பற்றியும், இவர் எதை விரும்புகிறார், எது இவருக்கு வரும், அதற்கு இவ்வாண்டு நான் என்ன செய்தேன் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். விடை சொல்ல இயலாத ஆண்டை, நிறுவனத்தின் லாபக் கணக்கு என்ன சொன்னபோதிலும், வெற்றி பெற்ற ஆண்டாக எண்ணாதீர்கள். நீங்கள் வளர்த்தவர்கள் ஒருநாள் உங்களினும் உயர்ந்த பதவியில் அமரக்கூடும். அவர்களை வாழ்த்தும் உள்ளம் உங்களுக்கு வாய்ப்பதாக. உங்கள் கல்வி பலருக்குப் பயன்படுவதாக. வாழ்க, வளர்க!