மாந்தீவுக்கு இன்னொரு தோணி வேண்டா

(எச்.ஐ.வி. நோயாளர்க்கு உளவளத்துணையும் ஆதரவும் என்னும் பொருள்பற்றி, உத்தியோகத்தரும் வேளாண்மைக்காரரும் கூடிய அமிர்தகழிக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

    

மாமாங்கப் பிள்ளையாரின் தீர்த்தக் குளத்துக்கு அண்மையில் நின்று இன்று பேசுகின்றோம். ஆடி அமாவாசையன்று எழுவான்கரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் திரண்டுவரும் மக்கள் இக்குளத்தில் முழுகுகின்றார்கள். பக்கத்தில் முழுகுபவன் யார், அவன் உடம்பில் என்ன நோய் என்று அன்று எவரும் கேட்பதில்லை. அந்த ஒருநாள் கேளாத கேள்வியை ஆண்டின் மற்றைய நாட்களெல்லாம் கேட்கின்றோமே, அதுபற்றித்தான் பேச வந்தோம்.

குளத்தைப் பற்றிச் சொன்னதால், பலருடைய உள்ளத்திலும் இருக்கும் ஐயத்தை முதலிலேயே தீர்த்துவிடுவோம். ஒரே குளத்தில் முழுகுவதால் எச்.ஐ.வி. தொற்றாது. ஒரே கிணற்றில் அள்ளிக் குடிப்பதாலும், ஒரே கோப்பையில் உண்பதாலும், கைகொடுப்பதாலும், நுளம்பு கடிப்பதாலும் தொற்றாது. பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள குருதி, அக்குருதி படிந்த ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்குக் கருவிலோ பிறப்பிலோ பாலிலோ செல்லுதல் ஆகிய வழிகளே அதற்கு உண்டு. எச்.ஐ.வி. என்பது கிருமி, எயிட்ஸ் என்பது அக்கிருமி உடம்பின் காவற்படையைப் பல்லாண்டு அரித்தபின் வரும் நிலை. கிருமி உள்ளவரெல்லாம் எயிட்ஸ் நோயாளர் அல்லர். மருந்துண்பவர் அந்நிலையை அடையாமலே முதுமை எய்தலாம்.

இவ்வளவும் பாடசாலைப் புத்தகத்திலேயே உண்டு. அறிந்திருந்தும் நாம் ஏன் அஞ்சுகின்றோம்?

இந்த வாவியையே பாருங்கள். இதன் நடுவே மாந்தீவு இருக்கின்றது. தொழுநோயாளரைத் தோணியில் ஏற்றி அத்தீவின் வைத்தியசாலைக்கு அனுப்பிய காலத்தை இங்குள்ள முதியோர் அறிவர். 1901ஆம் ஆண்டில் வெள்ளையராட்சியில் வந்த கட்டளைச் சட்டம் தொழுநோயாளரைப் பிரித்துவைக்க அரசுக்கு அதிகாரம் அளித்தது. தோணி போகும், திரும்பி வரும், அதில் ஏறிப்போனவர் திரும்பி வாரார். பிற்காலத்தில் அந்நோய்க்கு நல்ல மருந்து வந்தது. 1981ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்து நோயை முற்றாகத் தீர்த்தது. ஆயினும் நோய் தீர்ந்தவர்களுட் சிலர் தீவைவிட்டு வரவில்லை. ஏன்? அழைத்துச் செல்ல வீடு இல்லை. மருந்து நோயைத் தீர்த்தது. ஊரின் மனத்தைத் தீர்க்க மருந்தில்லாது போயிற்று.

எச்.ஐ.வி.க்கும் அதே கதையைத்தான் எழுதத் தொடங்கினார்கள். 1989ஆம் ஆண்டு கோவாவில் தொமினிக் டிசூசா என்ற இளைஞர், பிறர் உயிர் காக்கக் குருதி கொடுத்தவர், அக்குருதியில் கிருமி இருந்தமையால் பொலிசாரால் கொண்டுசெல்லப்பட்டு 64 நாள் தனியே அடைத்துவைக்கப்பட்டார். தானம் செய்தவனுக்குச் சிறை! வெளியே வந்தபின் அவர் தம்மைப்போன்றவர்க்காக உழைத்து 1992இல் மறைந்தார்.

நமது நாட்டிலோ, டாக்டர் கமலிகா அபேரத்ன என்னும் குழந்தைநல வைத்தியர் 1995ஆம் ஆண்டில் வீதி விபத்தொன்றில் காயமுற்றார். அப்போது ஏற்றப்பட்ட குருதிவழியே கிருமி அவர் உடம்பில் புகுந்தது. தம் நிலையை மறைக்காது நாட்டின்முன் எடுத்துரைத்தார். நோயாளர்க்குத் துணையாக அமைப்பொன்றையும் நிறுவி, 2004ஆம் ஆண்டு இறக்கும்வரை பணியாற்றினார். கல்வியும் பதவியும் உடைய அந்த அம்மையாரையே ஒதுக்கியவர்கள் உண்டென்றால், படுவான்கரைக் குடிசையொன்றில் இருக்கும் ஏழைப் பெண்ணின் கதி என்ன?

இனி உளவளத்துணை என்பது யாது எனக் கூறுவோம். பலர் அதனைப் புத்திமதி என்று நினைக்கின்றனர். புத்திமதிக்கு நம் ஊரில் என்றும் பஞ்சமில்லை. வேலிக்கு வேலி கிடைக்கும். உளவளத்துணை வேறு.

ஒரு வேளாண்மைக்காரரை எண்ணிக்கொள்ளுங்கள். இவர் எவருமல்லர், பலருக்கு நேர்வதை ஒருவர்மேல் ஏற்றிச் சொல்கின்றோம். இரண்டு போகம் நட்டப்பட்டவர். கடன் தீர்க்க மத்திய கிழக்குக்குப் போக எண்ணுகின்றார். அந்நாடுகள் புறப்படுமுன் எச்.ஐ.வி. சோதனை கேட்கின்றன. கொழும்பில் குருதி எடுக்கின்றனர். சில நாளில், தகுதியில்லை என்று ஒரு தாள். அவ்வளவுதான். ஏன் என்று உட்கார்த்திச் சொல்வார் இல்லை. இரவு பஸ்ஸில் அவர் மட்டக்களப்புக்குத் திரும்புகின்றார். அந்த இரவில் அவர் எண்ணுவன யாவை என்பதை இங்குள்ளோர் ஒவ்வொருவரும் ஊகிக்கலாம். துணை இல்லாமையால் உயிரை இழப்பவர்களுட் சிலர் கிருமியால் இறப்பவர் அல்லர். அந்த இரவால் இறப்பவர்.

ஆதலின் சோதனைக்கு முன்னரே பேச்சுத் தொடங்க வேண்டும். என்ன சோதனை, ஏன், விடை இவ்வாறிருந்தால் அடுத்து யாது செய்யலாம் என்பதை விளக்கி, அவர் சம்மதத்தோடு குருதி எடுக்கவேண்டும். கிருமி புகுந்த முதற் சில வாரங்களில் சோதனை பிழையாக இல்லையென்று காட்டக்கூடும் என்பதையும் சொல்லவேண்டும். முதற்சோதனை உண்டென்று காட்டினாலும், மறுசோதனையால் உறுதிப்படுத்தாமல் எவருக்கும் எதுவும் முடிவாகச் சொல்லலாகாது.

விடை கேட்டபின் அவர் பெரும்பாலும் மூன்று கேள்வி கேட்பார். “இன்னும் எத்தின நாள் ஐயா?” என்பது முதலாவது. “பொஞ்சாதிக்கு என்னெண்டு சொல்லுற?” என்பது இரண்டாவது. மூன்றாவது கேட்கும்போது குரல் இறங்கிவிடும்: “புள்ளகளத் தொடலாமா?”

துணைவர் இங்கே செய்யத் தகாதது ஒன்று உண்டு. ‘உனக்கு இது எப்படி வந்தது?’ என்று தொடங்குதல். அப்படித் தொடங்குபவர் துணைவர் அல்லர், நீதவான். நோயாளர் தாமே சொல்லுமட்டும் காத்திருத்தல் வேண்டும். சிலர் அன்றே சொல்வர். சிலர் ஆறு மாதம் கழித்துச் சொல்வர்.

மூன்றாம் கேள்விக்கு விடை எளிது. பிள்ளையைத் தூக்கலாம், முத்தமிடலாம், ஒரே பாயில் உறங்கலாம். முதற் கேள்விக்கு விடை காலத்தோடு மாறியது. 1996ஆம் ஆண்டுக்கு முன் கேட்டிருந்தால் வைத்தியர் தலைகுனிந்திருப்பார். அவ்வாண்டளவில் கூட்டு மருந்து வந்தபின் நிலைமை வேறாயிற்று. காலத்தோடு தொடங்கி நாள்தோறும் மருந்துண்பவர் ஏறக்குறைய ஏனையோரைப்போலவே நெடுங்காலம் வாழலாம். இலங்கையில் அரசு அம்மருந்தை இலவசமாக வழங்குகின்றது. பலருக்கு இன்று நாளுக்கு ஒரு குளிசையே போதுமாகின்றது.

ஆனால் அக்குளிசையை விடாது உண்ண வேண்டும். இதை வேளாண்மைக்காரர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அறக்கொட்டிக்கு அரைகுறையாக மருந்தடித்தால் என்ன நேரும்? சாகாமல் எஞ்சிய பூச்சி பெருகும். அடுத்த முறை அதே மருந்துக்கு மசியாது. கிருமியும் அவ்வாறே. நோயாளர் ஏன் மருந்தைத் தவறவிடுகின்றார் என்று பார்த்தால், மறதி சிறுபங்குதான். மச்சான் கண்டுவிடுவான் என்று போத்தலை வைக்கோலுக்குள் ஒளிப்பதும், அறுவடைக் காலத்தில் கிளினிக்குக்கு விடுப்புக் கேட்டால் போடியார் காரணம் கேட்பாரே என்று போகாமல் விடுவதுமே பெரும்பங்கு. ஊர் கேட்கும் கேள்வி ஒருவனுடைய மருந்தை நிறுத்திவிடுகின்றது. போடியார்மார் இங்கே இருக்கின்றீர்கள். மாதத்தில் ஒருநாள் காரணம் கேளாது விடுப்புக் கொடுத்தல் உங்களுக்குப் பெரிய காரியமா?

இரண்டாம் கேள்வியே கடினம். மனைவிக்குச் சொல்லத்தான் வேண்டும். அவளும் சோதனை செய்யவேண்டும். சொல்வதற்கு நாள் குறித்து, வேண்டுமானால் துணைவரும் உடனிருந்து சொல்ல உதவலாம். அங்கே சொல்லத்தக்க நற்செய்தி ஒன்றும் உண்டு. மருந்தால் குருதியில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து நிலைத்தவரிடமிருந்து உடலுறவால் துணைக்குக் கிருமி செல்வதில்லை. 2016இலும் 2019இலும் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வுகளில், அத்தகைய இணையரிடையே ஒருவர்மூலம் மற்றவர்க்குத் தொற்றியதாக ஒன்றேனும் காணப்படவில்லை. குழந்தைகளைப் பொறுத்தவரையோ நம் நாடு பெருமைகொள்ளலாம். மருந்தில்லாவிடின் நூறு குழந்தைகளுள் 15 முதல் 45 வரை தாயிடமிருந்து கிருமி பெறக்கூடும். தாய்மாரைச் சோதித்து மருந்தளித்தமையால், தாய்வழித் தொற்றை ஒழித்த நாடு என இலங்கையை உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. ஊர் ஊராகச் சென்ற மருத்துவமாதர் செய்த வேலை அது. அவர்களுக்கு எவரும் மாலையிடவில்லை என்பது வேறு விடயம்.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு செய்தி. 1986ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்தியாவின் முதற் தொற்றுகளைக் கண்டறிந்தனர். கண்டறிந்தபின் சுனிதி அம்மையார் ஆய்வுகூடத்தோடு நிற்கவில்லை. 1993இல் தனி நிலையம் அமைத்து நோயாளரோடு உட்கார்ந்து பேசினார். கிருமியுள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருத்தம் பார்த்துத் திருமணம்கூடச் செய்துவைத்தார்! அதே மாநிலத்தில் நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா, கணவர்வழியே கிருமி பெற்றவர், 1998இல் தம்மைப்போன்ற பெண்களை ஒன்றுசேர்த்து அமைப்புக் கண்டார். கணவன் இறந்தபின் மாமியார் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட பெண்கள் அங்கே பலர்.

நம் மட்டக்களப்பில் அது சற்று வேறு. பெண்ணுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே அழைப்பது நமது வழக்கம். ஆகவே பெண்ணுக்குத் தலைக்குமேல் கூரை நிற்கின்றது. நமது முன்னோர் செய்த நல்ல ஏற்பாடு. ஆனால் இங்கே வெளியேற்றப்படக்கூடியவன் நோயுற்ற ஆண். தாய்வீடோ தங்கைக்குச் சீதனமாகப் போயிருக்கும். அவன் எங்கே போவான்? குடியின் பெரியவர்கள் கூடிக் கோயில் முறைகளைத் தீர்க்கின்றீர்கள். இதையும் ஒருமுறை கூடிப் பேசுங்கள்.

உத்தியோகத்தர்களிடம் ஒரு சொல். இரகசியம் காத்தல் உங்கள் கையில் இருக்கின்றது. நோயாளரின் பெயர் ஊருக்குத் தெரிவது பெரும்பாலும் கிருமியால் அன்று. கோப்பைத் திறந்த கையால், தேநீர்க் கடையில் திறந்த வாயால். 2016ஆம் ஆண்டு குளியாப்பிட்டியில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைப் பாடசாலையில் இருக்கவிடாது மற்றப் பெற்றோர் எதிர்த்தனர். தந்தை எயிட்சால் இறந்தார் என்ற வதந்தியே காரணம். சிறுவனிடம் கிருமியே இல்லை! வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. எச்.ஐ.வி.யைக் காரணங்காட்டிக் கல்வி மறுக்கலாகாது என்பது அங்கே உறுதியாயிற்று. ஒரு வதந்தியைத் தடுக்க நாட்டின் மேல்மன்று வேண்டியிருந்தது. ஆசிரியர்மார் சிந்திக்க.

மொழியையும் சொல்லாமல் விடமுடியாது. 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. படிவத்தில் தமிழ் இருந்தால் மட்டும் போதாது. படுக்கையறைச் செய்தியை ஒருவன் மொழிபெயர்ப்பாளர் மூலம் சொல்வானா? இடையில் மூன்றாவது காது வந்தவுடன் அவன் வாய் மூடிவிடும். அவனுக்குத் தமிழில் பேசும் துணைவர் வேண்டும். அதுவும் நம் ஊர்ப் பேச்சை விளங்கிக்கொள்பவர் வேண்டும். பட்டதாரி இளைஞரும் யுவதிகளும் இப்பயிற்சிக்கு முன்வரவேண்டும் எனக் கேட்கின்றோம். சட்டத்தரணிகள் இருவர் மூவர், அநாதரவாகும் பிள்ளைகளின் காணி உறுதிகளைப் பார்த்துக்கொடுக்க மாதம் ஒரு மாலை ஒதுக்கினால் அதுவும் ஆதரவே.

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் உண்டு. சோதனைக்குப் பணமில்லை. போனவர் எல்லாம் நோயாளர் என்று எண்ணவேண்டா. நாமும் போய்ச் சோதித்துக்கொண்டோம். வெளியே நின்ற ஒருவர் நம்மைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரும் அங்கேதான் வந்திருந்தார்!

இனி வினாக்கள். எழுந்து கேட்க விரும்பாதோர்க்காக வாசலில் துண்டுத் தாளும் பெட்டியும் வைத்திருக்கின்றோம். எழுதிப் போடுங்கள், பெயர் எழுதவேண்டா. விளக்கைச் சற்றுத் தணிக்கச் சொல்லியிருக்கின்றோம், எவர் எழுதுகின்றார் என்று எவரும் பார்க்கவேண்டா.