சேற்றுக்குக் கணக்கு கேட்பது யார்?

மும்பையின் கிராஃபர்டு மார்க்கெட்டுக்கு மகாத்மா ஜோதிபா புலே பெயர் வைத்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும் மாட்டுங்காவிலிருந்து பழம் வாங்கப் போகிறவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். ஆர்தர் கிராஃபர்டு 1865இல் பம்பாயின் முதல் முனிசிபல் கமிஷனர் ஆனவர். சாலை, சந்தை, சாக்கடை என்று வேகமாக வேலை செய்தார். அதைவிட வேகமாகச் செலவு செய்தார். 1871இல் வரி கட்டுகிறவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஊரே கிராஃபர்டைத் திட்டிக்கொண்டிருந்தபோது இளம் வழக்கறிஞர் பெரோஸ்ஷா மேத்தா வேறு மாதிரி பேசினார். கோளாறு ஆளிடம் இல்லை, அவரைக் கேள்வி கேட்க வரி கட்டுகிறவன் தேர்ந்தெடுத்த சபை இல்லாததில்தான் இருக்கிறது என்பது அவர் வாதம். 1872 சட்டம் 64 பேர் கொண்ட மாநகராட்சியில் பாதிப் பேரை வரி செலுத்துவோரே தேர்ந்தெடுக்க வழி செய்தது. மேத்தாவின் கை பலமாகப் பதிந்த 1888 சட்டம், பல திருத்தங்களோடு, இன்றும் மும்பையை ஆள்கிறது.

அதே 1888இல் புனேயில் பதவியிலிருந்த கிராஃபர்டு மீது மாம்லத்தார்களிடம் (தாலுகா அதிகாரிகளிடம்) பணம் வாங்கியதாக விசாரணை வந்தது. லஞ்சம் நிரூபணமாகவில்லை. தனக்குக் கீழே வேலை பார்த்தவர்களிடம் கடன் வாங்கியதற்காக வேலை போயிற்று.

நேர்மையான ஒரு ஆள் வந்தால் போதும் என்ற ஆசை நமக்கு லேசில் விடாது. 1990களில் அந்த ஆசைக்கு மும்பை வைத்த பெயர் கைர்நார். துணைக் கமிஷனராக இருந்த கோ. ரா. கைர்நார் தாவூத் இப்ராகிமின் கட்டடத்தையே இடித்தார். முதலமைச்சர் சரத் பவாரை வெளிப்படையாகச் சாடினார். 1994இல் இடைநீக்கம் செய்யப்பட்டார். அவர் கை சுத்தம் என்று ஊர் நம்பியது. அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் கூடியது. ஆனால் அதே கைதான் நடைபாதைக் கடைகளையும் குடிசைகளையும் இடித்தது. இடிபட்டவன் யாரிடம் போய்க் கேட்பது என்பதற்கு அவருடைய நேர்மையில் பதில் இல்லை.

இப்போது சேற்றுக்கு வருவோம். தாராவியை ஒட்டி ஓடி மாஹிமில் கடலில் கலக்கிறது மித்தி. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியபோது, இது ஆறு என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. அதன் பிறகு ஆண்டுதோறும் மழைக்கு முன் தூர் வாருகிறார்கள். வாரிய சேற்றை லாரியில் ஏற்றி, எடை போட்டு, ரசீது வாங்கி, ஊருக்கு வெளியே ஒரு நிலத்தில் கொட்ட வேண்டும். நில உரிமையாளரின் சம்மதப் பத்திரமும் வேண்டும். அந்தப் பத்திரங்களே போலி, மாநகராட்சிக்கு இழப்பு சுமார் 65 கோடி ரூபாய் என்று 2025 மே மாதம் மும்பை போலீஸின் பொருளாதாரக் குற்றப் பிரிவு 13 பேர் மீது வழக்குப் பதிந்தது. இது குற்றச்சாட்டுதான், தீர்ப்பல்ல. ஆனால் வாரியதைக் கண்ணால் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துப் பணம் கொடுத்தால், தாராவியில் முழங்கால் தண்ணீரில் நிற்பவனுக்குத் தெரிந்தது பில்லில் கையெழுத்துப் போடுகிறவருக்குத் தெரியாமல் போகும்.

வழக்குப் பதிந்தபோது மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட கார்ப்பரேட்டர்களே இல்லை. இருந்திருந்தால் கேட்டிருப்பார்களா? முழுக்க நம்புவதற்கில்லை. 2019 நவம்பர் முதல் 2022 பிப்ரவரி வரை நடந்த மாநகராட்சியின் சுமார் 12,000 கோடி ரூபாய் வேலைகளைத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆராய்ந்தார். அதில் 214 கோடி ரூபாய் மதிப்புள்ள 20 வேலைகள் டெண்டரே இல்லாமல் கொடுக்கப்பட்டிருந்தன. அப்போது சபை இருந்தது, நிலைக்குழுவும் இருந்தது. ஊர்ச் சபைக்கு விதி சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டை நம் தமிழ்ச் சங்க மேடைகளில் பெருமையாகச் சொல்கிறோம். கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் வாரியத்தில் உட்காரக் கூடாது என்று அதில் இருப்பதை ஏனோ வேகமாகத் தாண்டிவிடுகிறோம்.

2022 மார்ச்சில் சபையும் போயிற்று. ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கமிஷனரே நிர்வாகி. பட்ஜெட் போடுபவரும் அவர், அதற்கு ஒப்புதல் தருபவரும் அவர். 2025-26 பட்ஜெட் 74,427 கோடி ரூபாய்! 1871இல் மேத்தா சுட்டிய இடத்துக்கே நகரம் திரும்பி வந்திருந்தது. 2026 ஜனவரி 15 அன்றுதான் 227 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தது.

தாராவிக்காரருக்கு அதிலும் பாதிதான் கிடைத்தது. தாராவி மறுசீரமைப்பின் திட்ட அதிகாரம் மாநகராட்சியிடம் இல்லை, மாநில அரசின் தனி அமைப்பிடம் இருக்கிறது. யாருக்கு எங்கே வீடு என்ற முடிவில் வார்டு கார்ப்பரேட்டரின் ஓட்டுக்கு வேலையில்லை.

ஆகவே சங்க மேடைச் சொற்பொழிவு கேட்டு வீடு திரும்புகிறவர்கள் ஒன்று செய்யலாம். தாராவிக்கு ஜி வடக்கு, மாட்டுங்காவுக்கு எஃப் வடக்கு, செம்பூருக்கு எம் மேற்கு வார்டு ஆபீஸ். உங்கள் தெரு நாலாவில் (சாக்கடைக் கால்வாயில்) எத்தனை டன் சேறு வாரினார்கள், எந்த எண்ணுள்ள லாரியில் எங்கே கொண்டு போனார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய். வேறு துறைக்கு உரியது என்றால் ஐந்து நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்பிவைக்க வேண்டும். 30 நாளில் பதில் தர வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை.