செஞ்சிக் கோட்டை: கல்லும் நீரும் காவலும்



வரலாற்று ஆசிரியராகவே வாழ்ந்து மறைந்த பெரியவர் ஒருவரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்குச் செஞ்சிக் கோட்டையை எடுத்துக்கொண்டேன். செஞ்சி என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது ராஜா தேசிங்கின் பெயர். கூத்திலும் கதைப்பாடலிலும் அவன் குதிரை இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அவன் செஞ்சியை ஆண்டது ஓராண்டுகூட இல்லை. அதைக் கட்டியவர்கள், விரித்தவர்கள், காத்தவர்கள், பறிகொடுத்தவர்கள் எல்லோரையும் அந்தக் குதிரை கிளப்பிய புழுதி மறைத்துவிட்டது. இன்று நான் ஒரு கேள்வியைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன். இந்தக் கோட்டை ஒரு முற்றுகையை ஏறக்குறைய எட்டு ஆண்டு தாங்கியது. பிறகு ஐம்பது ஆண்டு சென்று ஒரே இரவில் விழுந்தது. மலையும் மதிலும் இருந்தபடியேதான் இருந்தன. அப்படியென்றால் மாறியது எது?

மூன்று மலை, ஒரு மதில்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலை இந்தக் கோட்டையை ஊடறுத்துக்கொண்டுதான் போகிறது. வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே ராஜகிரி, தென்கிழக்கே சந்திராயன்துர்க்கம். மூன்றையும் வெளிமதில் ஒன்று முக்கோணமாகச் சுற்றி வளைக்கிறது. மலைக்கு மலை தனிக் காப்பும் உண்டு. ஒரு மலை போனாலும் மற்ற இரண்டில் நின்று போரிடலாம்.

இங்கே மலை என்றால் மண்மேடு என்று நினைத்துவிடக் கூடாது. பெரும் பாறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவித்து வைத்தாற்போன்ற கருங்கல் குன்றுகள் இவை. கட்டியவர்கள் அந்தப் பாறைகளை உடைத்துத் தள்ளவில்லை. பாறை எங்கே முடிகிறதோ அங்கே மதிலைத் தொடங்கி, அடுத்த பாறையில் கொண்டுபோய் முட்டினார்கள். பல இடங்களில் எது கட்டியது, எது கிடந்தது என்று கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மலையையே கொத்தனாராக்கிக்கொண்ட கட்டுமானம் இது.

ராஜகிரியின் உயரம் சுமார் 800 அடி. வாயிலுக்கு மேல் வாயிலாகக் கடந்து ஏறினால், உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை பிளந்து கிடக்கிறது. அகலம் 24 அடி, ஆழம் 60 அடி. இன்று அதன்மேல் பாலம் இருக்கிறது. பயணிகள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அன்று அங்கே எடுத்துவிடக்கூடிய மரப்பாலம்தான். பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக் கோட்டை தனித் தீவு. எதிரி எத்தனை ஆயிரம் பேரோடு வந்தாலும் அந்த இடத்தில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நிற்க வேண்டும். மேலே அரங்கநாதர் கோயில், தானியக் கிடங்கு, மணிக்கூண்டு, பீரங்கி எல்லாம் இருக்கின்றன. தெய்வம், சோறு, ஓசை, வெடி என ஒரு குட்டி ராஜ்ஜியத்துக்கு வேண்டியதெல்லாம் அந்தப் பாறைத் தலையில் இருந்தது.

கட்டியவர்கள் யார்?

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ ஆனந்தக் கோன் என்பவரிலிருந்து செஞ்சியின் கதையைத் தொடங்குகிறது. ஆடு மாடு மேய்த்த குலத்தில் வந்தவர் மலையில் காவல் அமைத்தார் என்றும், காலம் 12ஆம் நூற்றாண்டின் இறுதி என்றும் அது சொல்கிறது. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆறு நூற்றாண்டு பிந்திய ஏடு அது. மரபு என்ற அளவில் மதிப்போம். பக்கத்துச் சிங்கவரத்துக் குன்றில் பல்லவர் காலக் குடைவரைக் கோயில் இருப்பதால், இந்த வட்டாரம் கோன்களுக்கும் முந்தியது என்பதில் ஐயமில்லை.

நாம் இன்று பார்க்கும் செஞ்சிக்கு உருவம் கொடுத்தவர்கள் விஜயநகரப் பேரரசின்கீழ் ஆண்ட நாயக்கர்கள். 1649இல் கோட்டை பிஜப்பூர் சுல்தானின் கைக்குப் போயிற்று. 1677இல் சிவாஜி பிடித்தார். புதிய அரண்கள் எழுப்பியதையும் அகழி வெட்டியதையும் அக்காலத்துச் சேசு சபைப் பாதிரிகளின் கடிதங்கள் குறிக்கின்றன. 1943இல் சி. எஸ். சீனிவாசாச்சாரி எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செஞ்சி வரலாறு, இந்த ஆட்சிகளை வரிசைப்படுத்திய பெருநூல். மாணவர்கள் அதிலிருந்து தொடங்கலாம்.

நீரும் நெல்லும்

ராஜகிரி அடிவாரத்தில் நிற்கும் கல்யாண மகாலைப் பாருங்கள். சதுர முற்றம், சுற்றிலும் அறைகள், நடுவே அடுக்கடுக்காக உயரும் கோபுரம். தளத்துக்கு ஒரே அறை. அதைச் சுற்றி வளைவுகள் தாங்கும் தாழ்வாரம். வளைவுகள் சுல்தானியர் பாணி. கூம்பிச் செல்லும் உச்சியோ கோயில் விமானத்தை நினைவூட்டும். அழகு ஒருபுறம் இருக்கட்டும். மதிலுக்கு வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து மண்குழாய் வழியே இதன் மாடிகள்வரை தண்ணீர் ஏறியது என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது.

கோட்டைக்குள் சக்கரகுளம், செட்டிகுளம், ஆனைக்குளம் எனக் குளங்கள். ராஜகிரியில் ஊற்றுகளும் மழைநீர்ச் சுனைகளும். கீழே தடித்த சுவரும் வளைவுக் கூரையும் கொண்ட பெரிய களஞ்சியம். கிருஷ்ணகிரி உச்சியிலும் களஞ்சியங்கள். எண்ணெயும் நெய்யும் சேர்த்து வைக்கத் தனிக் கிணறு. முற்றுகை என்பது யாருக்கு முதலில் பசிக்கிறது என்ற போட்டி என்பதைக் கட்டியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

அது நிரூபணமானது மொகலாய முற்றுகையில். சிவாஜியின் மகன் சம்பாஜி கொல்லப்பட்டபின் அவர் தம்பி ராஜாராம் 1689 இறுதியில் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். மராட்டிய அரசின் தலைநகரமே இங்கே மாறியது. 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் வளைத்தார். மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியே சுழன்று வந்து மொகலாயரின் உணவு வழிகளை வெட்டினார்கள். உள்ளே இருந்தவர்களுக்குக் களஞ்சியம் இருந்தது. வளைத்தவர்கள் பட்டினி கிடந்தார்கள். 1693இல் சுல்பிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் அங்கே இல்லை, முன்பே தப்பிவிட்டிருந்தார்.

ஆள் இல்லாத மதில்

பிறகு செஞ்சி புந்தேலா மரபினரான சுவரூப் சிங்கின் பொறுப்புக்கு வந்தது. அவர் மகன் தேஜ் சிங்தான் நம் தேசிங்கு. கப்பத் தகராறில் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் படையெடுத்தபோது, தேசிங்கு மலைமேல் காத்திருக்கவில்லை. சிறு குதிரைப் படையோடு வெளியே போய்த் தேவனூர்ப் பக்கம் மோதி, 1714 அக்டோபர் 3 அன்று மாண்டான். கதைப்பாடல் இதை வீரம் என்கிறது, வீரம்தான். ஆனால் பல மைல் மதிலில் நிறுத்த அவனிடம் ஆள் இல்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது என் கருத்து. அத்தனை பெரிய கோட்டை சிறு படைக்குக் காவல் ஆகாது, பாரம்தான் ஆகும்.

1750 செப்டம்பர் 11 இரவு அதையே இன்னொரு விதத்தில் காட்டியது. ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட முகமது அலியின் வீரர்கள், திருவதிகையில் தோற்று ஓடிவந்து கோட்டைக்குள் ஒண்டியிருந்தார்கள். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வெடி வைத்து வாயிலைத் தகர்த்து உள்ளே புகுந்தார். நிலவு மறையும்வரை காத்திருந்து மூன்று மலைகளையும் ஒரே வேளையில் தாக்கினார். விடியும்போது எல்லாம் முடிந்துவிட்டது. மனம் உடைந்த காவலுக்குக் களஞ்சியம் நிறைந்திருந்து என்ன பயன்? 1761இல் புதுச்சேரி விழுந்த சில மாதங்களில் செஞ்சியும் ஆங்கிலேயர் வசமானது. அதற்குப்பின் அதன் கற்களுக்கே மவுசு. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் உயர்ந்த தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுபோனவை.

ஆக, தொடக்கத்தில் வைத்த கேள்விக்கு என் விடை இது. கல் பாதிக் காவல். நீரும் நெல்லும் மீதிப் பாதியில் பெரும்பங்கு. நிற்கத் துணிந்த ஆள் இல்லாவிட்டால் அவை எல்லாமே வீண்.

நாம் செய்ய வேண்டியது

2025 ஜூலையில், மராட்டியரின் இராணுவ நிலவமைப்புகள் என்ற தொகுப்பில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 11 மகாராஷ்டிரத்தில் உள்ளவை; 12ஆவது செஞ்சி. மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் அந்தத் தலைப்பு கோன், நாயக்கர், பிஜப்பூர், மொகலாயர், புந்தேலா, பிரெஞ்சு அடுக்குகளை மறைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

அதற்கு ஒரு வேலையை, இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையிடம் வேண்டுகோளாக வைக்கிறேன். செஞ்சியின் அரசர் பட்டியலும் போர்களும் எழுதப்பட்டுவிட்டன. இனி எழுத வேண்டியது அதன் நீர்க் கணக்கு. எந்தப் பாறைச் சரிவின் மழை எந்தக் குளத்துக்கு வந்தது, குழாய் எந்த வழியாகப் போனது, இன்று எந்த வரத்துக்கால் அடைபட்டிருக்கிறது என்று வரலாற்று மாணவர்களும் பொறியியல் மாணவர்களும் ஐப்பசி மழையில் ஒன்றாகப் போய் அளந்து வரைபடமாக்கட்டும். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவை என்னைப் போன்ற ஒருவர் நிகழ்த்துவதற்குப் பதில் அந்த மாணவர்களே நிகழ்த்தட்டும். அப்படி நடந்தால், கற்றுக் கொடுப்பதையே வாழ்வாகக் கொண்ட அப்பெரியவருக்கு அதைவிடத் தக்க நினைவு வேறில்லை.