முதல் பத்து நிமிஷம்

(தில்லிக் கிளையின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் போன் செய்து, "ஸார், இந்த வயதிலும் தினம் ஓடுகிறீர்களாமே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும்" என்றார். "பேசுவதைவிட ஓடுவது எனக்குச் சுலபம்" என்றேன். அவர் விடவில்லை. ஆகவே நிற்கிறேன்.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். நான் விளையாட்டு வீரன் அல்ல. எனக்கு 74 வயது. திருச்சியில் பௌதிகம் படித்துவிட்டு 1974ல் தில்லிக்கு வந்தவன். 37 வருஷம் மத்திய சர்க்காரில் ஃபைல்களோடு குடித்தனம். பள்ளிக்கூட நாட்களில் ஓட்டப் பந்தயத்தைப் பார்த்ததோடு சரி. இன்றைக்கு வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்குச் சுமார் 40 நிமிஷம் ஓடுகிறேன். ஓட்டம் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். பார்க்கில் வேகமாக நடக்கிறவர்கள் என்னைத் தாண்டிப் போவதுண்டு.

எப்படி ஆரம்பித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். 2008ல், எனக்கு 57 வயது. என் மனைவியின் அண்ணா பெண்ணுக்குச் சென்னையில் கல்யாணம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்திருந்தோம். புது தில்லி ஸ்டேஷனில் கடைசி நிமிஷத்தில் பிளாட்பாரத்தை மாற்றி அறிவித்தார்கள். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் மேம்பாலத்தில் ஓடினோம். அவள் கையில் பட்டுப்புடவைப் பையோடு முன்னால் போய்விட்டாள். நான் பாதிப் படியில் மூச்சு முட்டி, பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ரயில் பெட்டி வரைக்கும் போனவள், என்னைக் காணோம் என்று திரும்பி வந்தாள். ரயில் போய்விட்டது. முகூர்த்தமும் போயிற்று. அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நாளைக்கும் ரயில் இருக்கு. மெதுவா எழுந்திருங்கோ" என்றாள். திட்டியிருந்தால் அந்த வாரத்திலேயே மறந்திருப்பேன்.

டாக்டரிடம் போனோம். டிரெட்மில் பரிசோதனை செய்து, இருதயத்தில் கோளாறு இல்லை, சர்க்கரை மட்டும் எல்லைக்கோட்டில் இருக்கிறது, சரீரத்துக்கு வேலையே கொடுக்கவில்லை என்றார். முதலில் நடை, பிறகு நடையும் ஓட்டமும் மாற்றி மாற்றி, ஆறு மாதத்தில் 20 நிமிஷம் நிற்காமல் ஓட்டம்.

இந்த வரிசையை யாரும் மாற்றிவிட வேண்டாம். முதலில் டாக்டர், பிறகுதான் ஷூ. ஜிம் ஃபிக்ஸ் என்ற அமெரிக்கர் 1977ல் ஓட்டத்தைப் பற்றி எழுதிய புத்தகம் லட்சக்கணக்கில் விற்றது. அவரே 1984ல், 52 வயதில், ஓடப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். அவருடைய தந்தையும் 43 வயதில் இருதய நோயால் இறந்தவர். இருதயத்தில் இருக்கும் அடைப்பை ஓட்டம் தானாகப் போக்கிவிடாது. நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல் என்று எது வந்தாலும் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. மறுபடி டாக்டர்தான்.

சரி, ஆரம்பிப்பதைப் பற்றி நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். ஜனவரி முதல் தேதி பார்க்கில் நிற்க இடம் இருக்காது. பிப்ரவரியில் பழைய ஆசாமிகள்தான் மிச்சம். விட்டுவிடாமல் தொடர்வது எப்படி என்பதுதான் கேள்வி. என்னைக் கேட்கிற எல்லோரும், "தினமும் உங்களுக்கு எங்கிருந்து ஸார் ஊக்கம் வருகிறது?" என்றே கேட்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன். 17 வருஷத்தில் காலை 5 மணிக்கு எனக்கு ஊக்கம் வந்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இதற்குப் பௌதிகத்தில் ஒரு விளக்கம் உண்டு. கனமான பீரோவைத் தள்ளிப் பாருங்கள். அசைய ஆரம்பிக்கும் வரைதான் பாடு. அசைந்துவிட்டால், அதே தரையில் அதைவிடக் குறைந்த பலத்தில் நகரும். நிலை உராய்வு அதிகம், இயக்க உராய்வு குறைவு. மனுஷ மனசும் அந்த பீரோதான். ஆகவே முழு முயற்சியையும் படுக்கையிலிருந்து வாசற்படி வரை உள்ள தூரத்துக்குச் செலவழியுங்கள். மீதி தானாக நகரும். ராத்திரியே ஷூ, சாக்ஸ், சாவி மூன்றையும் வாசல் பக்கம் வைத்துவிடுவேன். காலையில் யோசிப்பதற்கு ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது. ஆபீஸுக்குப் போகலாமா வேண்டாமா என்று தினமும் காலையில் விவாதித்தோமா என்ன? வருகைப் பதிவேடு இருந்தது, போனோம்.

இரண்டாவது, முதல் பத்து நிமிஷத்தில் எந்தத் தீர்மானமும் எடுக்காதீர்கள். ஓட ஆரம்பித்தவுடன் தசைகள் கேட்கும் பிராணவாயுவை இருதயமும் நுரையீரலும் உடனே அனுப்ப முடிவதில்லை. ஈடு கொடுக்கச் சில நிமிஷங்கள் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் அதிக நேரம். அந்த இடைவெளியில்தான் "இன்றைக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது, திரும்பிவிடலாம்" என்று மனசு மனு கொடுக்கும். என் வழக்கம், அந்த மனுவைப் பத்து நிமிஷம் நிலுவையில் வைப்பது. பிறகும் முடியவில்லை என்றால் கௌரவமாக வீட்டுக்கு வந்துவிடலாம், குற்றமில்லை. அப்படித் திரும்பியது வருஷத்தில் நாலைந்து நாள்தான் இருக்கும்.

மூன்றாவது, வேகம். பேசிக்கொண்டே ஓட முடிய வேண்டும். பேச முடியவில்லை என்றால் வேகம் அதிகம். புதிதாக ஆரம்பிப்பவர்கள் பலர் விட்டுவிடுவதற்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல. முதல் வாரமே தலைதெறிக்க ஓடி, கால் வலித்து, வெறுத்துப்போகிறார்கள்.

நான்காவது, ஒரு நாள் விட்டுப்போனால் உலகம் முழுகிவிடாது. லண்டன் யூனிவர்சிடி காலேஜில் 96 பேரை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். 2009ல் வெளியானது. ஒரு புதுக் காரியம் பழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்று பார்த்தார்கள். நடுத்தரமாக 66 நாள். ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை என்றும் கண்டார்கள். ஆகவே மூன்று வாரத்தில் பழகவில்லையே என்று வருத்தப்பட வேண்டாம். நாம் 254 நாள் கட்சியாக இருக்கலாம்.

தில்லிக்காரர்களுக்கு விட்டுப்போகக் காரணம் வேறு இருக்கிறது. தீபாவளிக்குப் பிறகு காற்று என்ன கதி என்று உங்களுக்கே தெரியும். காற்றுத் தரக் குறியீடு 300ஐத் தாண்டினால் 'மிக மோசம்', 400ஐத் தாண்டினால் 'கடுமை'. அந்த நாட்களில் வெளியே போய் ஓடுவது வீரம் அல்ல, அசட்டுத்தனம். நான் வீட்டுக்குள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கூடத்தில் நடப்பேன், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று பழகுவேன். உலக சுகாதார ஸ்தாபனம் 2020ல் வெளியிட்ட நெறிமுறையில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, மூன்று நாளாவது விழாமல் நிற்கச் சமநிலைப் பயிற்சி என்று சொல்லியிருக்கிறார்கள். சென்னை, மும்பை, கொல்கத்தாவில் இருப்பவர்கள் மழைக்கும் புழுக்கத்துக்கும் இதே உபாயத்தைச் செய்துகொள்ளலாம்.

"முட்டி தேய்ந்துவிடுமே" என்பார்கள். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் 1984லிருந்து, 50 வயதைத் தாண்டிய ஓட்டக்காரர்களையும் ஓடாதவர்களையும் தொடர்ந்து கவனித்தார்கள். 19 வருஷத்துக்குப் பிறகு ஓடாதவர்களில் 34 சதவீதம் பேரும், ஓட்டக்காரர்களில் 15 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். இந்த முடிவு 2008ல் வெளியாயிற்று. சிலருக்கு எக்ஸ்ரே எடுத்துப் பல வருஷம் பார்த்ததில், ஓட்டக்காரர்களின் முட்டி அதிகம் தேய்ந்திருக்கவில்லை. விஞ்ஞான மாணவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆரோக்கியமானவர்களே ஓட வருகிறார்கள் என்பதும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஏற்கெனவே முட்டி பழுதானவர்கள் நடந்தால் போதும்.

இனி, நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன். ஆரம்பத்தில் என் ஊக்கமெல்லாம் கடிகாரத்தில் இருந்தது. அறுபதாவது வயதில் 10 கிலோமீட்டரை 66 நிமிஷத்தில் ஓடினேன். அடுத்த வருஷம் 65. கேட்கிறவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொன்னேன். 64 வயதிலிருந்து நேரம் ஏற ஆரம்பித்தது. 68, 71, 75. எவ்வளவு உழைத்தாலும் இறங்கவில்லை. சரீரம் பிராணவாயுவை உபயோகிக்கும் சக்தி பத்து வருஷத்துக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. பயிற்சியால் அதைத் தாமதப்படுத்தலாமே தவிர நிறுத்த முடியாது. கடிகாரத்தை நம்பி ஓடுகிறவனுக்கு முதுமை தோல்வியாகத்தான் தெரியும். எனக்கு ஓட்டமே கசந்துபோயிற்று. வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது என் மனைவி ஒன்று செய்தாள். என் கடிகாரத்தை அலமாரியில் வைத்துவிட்டுக் கையில் பால் தூக்கைக் கொடுத்தாள். "ஓடறேளோ நடக்கறேளோ, ஆறு மணிக்குப் பால் வரணும்" என்றாள். எங்கள் மதர் டெய்ரி பூத் பார்க்குக்குப் பக்கத்தில்தான். தூக்கைப் பூத்காரரிடம் வைத்துவிட்டு ஓடுவேன். முடிந்ததும் பாலை வாங்கிக்கொண்டு நடந்து வருவேன். அவளுடைய பால் கணக்கு நோட்டில் வலது பக்கம் லிட்டர், இடது பக்கம் நான் ஓடிய நிமிஷம். தூரமும் இல்லை, வேகமும் இல்லை. மாதக் கடைசியில் இரண்டையும் கூட்டுவோம். ஓட்டம் சாதனையாக இருந்தது போய், வீட்டு வேலையாயிற்று. அப்புறம்தான் அது நிலைத்தது. 2018ல் அதே புது தில்லி ஸ்டேஷன் மேம்பாலத்தில் அவளுக்கு முன்னால் பெட்டியோடு ஏறினேன். "போறும், போறும், ரயில் நிக்கறது" என்று பின்னாலிருந்து சிரித்தாள்.

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், அவள் போய்விட்டாள். அந்த நாட்களைப் பற்றி நான் பேசப்போவதில்லை. இங்கே பல வீடுகளில் அது நடந்தது.

நோட்டில் இரண்டு பக்கமும் காலி. நாலு மாதம் வாசலைத் தாண்டவில்லை. எல்லோரும், "நீங்கள்தான் இவ்வளவு மனோதைரியம் உள்ளவர் ஆயிற்றே" என்றார்கள். தைரியம் ஒன்றும் வரவில்லை. செப்டம்பரில் பெண் புனேயிலிருந்து வந்திருந்தாள். ஒரு நாள் விடியற்காலையில், "அப்பா, பால் இல்லை" என்றாள். தூக்கை எடுத்துக்கொண்டு போனேன். பூத்காரர், "மாதாஜி சௌக்கியமா?" என்று ஹிந்தியில் கேட்டார். அவருக்குத் தெரியாது. பதில் சொல்ல வரவில்லை. தூக்கை அவரிடம் வைத்துவிட்டு வெளியே வந்தேன். கண்ணும் முகமுமாகப் பெண்ணின் முன்னால் போக வேண்டாம் என்று பார்க்கை ஒரு சுற்றுச் சுற்றினேன். கால்களுக்கு வழி தெரிந்திருந்தது. கொஞ்ச தூரம் ஓடக்கூட ஓடின. வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்: 11 நிமிஷம், 1 லிட்டர்.

ஊக்கம் வந்து ஓடவில்லை. ஓடிய பிறகு, மறுநாளைக்கு எழுந்திருக்கக் கொஞ்சம் மனசு வந்தது.

பஞ்சாபில் பிறந்து லண்டனில் குடியேறிய ஃபௌஜா சிங் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மனைவியையும் மகனையும் இழந்த துக்கத்தில் எண்பது வயதுக்கு மேல்தான் தீவிரமாக ஓட ஆரம்பித்தார். 2000ல், 89 வயதில் லண்டன் மாரத்தான். 2011ல், நூறு வயதில் டொரண்டோ மாரத்தானை எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேலாக எடுத்துக்கொண்டு முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் பதிவு செய்யவில்லை. 2025 ஜூலையில், 114வது வயதில், சொந்த ஊர்ப் பக்கம் சாலையில் கார் மோதி இறந்தார். அவரைப் பற்றிப் படித்தபோது அவருடைய கால் பலத்தைவிட, துக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்த அந்த முதல் நாள்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

நம் சங்கத்தில் தனியாக இருக்கும் மூத்தவர்கள் பலர். பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ. அவர்களிடம் "ஊக்கத்தோடு இருங்கள்" என்று போனில் சொல்லாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் காலையில் போய் மணி அடித்து, "பால் வாங்கப் போகிறேன், வருகிறீர்களா?" என்று கேளுங்கள். பத்து நிமிஷம் நடந்தால் போதும். ஓடுவதெல்லாம் பிற்பாடு.

இப்போது என் வேகம் 10 கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கடிகாரம் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. நோட்டு மட்டும் நாலாவது நோட்டு. நாளை ஞாயிற்றுக்கிழமை. காற்று சரியாக இருந்தால் ஐந்தரை மணிக்குப் பூத் வாசலில் இருப்பேன். வருகிறவர்கள் வரலாம். தூக்கு கொண்டு வாருங்கள்.