முகத்துக்கு நேரே சொன்ன பெரியம்மா

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஓர் அங்கத்தினர் ஆற்றிய உரை)

"எங்கள் குடும்பத்துப் பெரியவர்" என்ற தலைப்பில் பேசும்படி செயலாளர் பணித்தார். என் அம்மாவின் அக்காவைப் பற்றிப் பேசுகிறேன். இங்குள்ள சிலர் அவள் கையால் காபி சாப்பிட்டிருக்கிறீர்கள், திட்டும் வாங்கியிருக்கிறீர்கள்.

பெரியம்மா பிறந்தது 1928-ல், தஞ்சை ஜில்லாவில். பதினைந்து வயதில் கல்யாணம். 1929-ஆம் வருஷத்துச் சாரதா சட்டப்படி அப்போது பெண்ணுக்கு 14 வயது போதும். பெரியப்பாவுக்கு மத்திய சர்க்கார் உத்தியோகம். தில்லி விநய் நகரில், அதாவது பின்னாளைய சரோஜினி நகரில், இரண்டு அறை குவார்ட்டர்ஸ். இண்டர்வியூவுக்கு வரும் நம்மூர்ப் பையன்களுக்கு அங்கே எப்போதும் படுக்க இடம் உண்டு. வேலை கிடைத்தும் கிளம்பாதவனிடம், "சம்பளம் வந்துடுத்தே, ரூம் பார்த்தாச்சோ?" என்று சாதம் போட்டுக்கொண்டே கேட்டுவிடுவாள்.

1964-ல் என் அப்பா திருச்சியில் காலமானார். அம்மாவுக்கு 33 வயது, எனக்கு 14, தங்கைக்கு 9. ஜி.டி. எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி, சென்னையிலிருந்து இன்னொரு ராத்திரி என்று பெரியம்மா வந்து சேர்ந்தாள். பதிமூன்றாம் நாள் முடிந்ததும் பெரியவர்கள் கூடத்தில் கூடினார்கள். அம்மா கிராமத்தில் மாமா ஆத்தில் சமையலுக்கு ஒத்தாசையாக இருப்பது, என்னை யாராவது படிக்கவைப்பது என்று தீர்மானம் ஆனது. அந்தக் கூடத்தில் பெண்கள் பேசும் வழக்கமில்லை. பெரியம்மா சமையலுள்ளிலிருந்து வந்து நின்றாள். "இவள் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணினவள். சம்பளமில்லாத சமையல்காரி வேணும்னா வேற எடத்துல தேடுங்கோ. என் தங்கை என்னோட தில்லிக்கு வரா."

பெரியப்பாவுக்கே அப்போதுதான் விஷயம் தெரியும். தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த இரண்டு அறையில் எட்டுப் பேர் ஆனோம். அம்மா கரோல் பாக்கில் டைப்ரைட்டிங் கற்று 1966-ல் குமாஸ்தாவானாள். நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்து, சர்க்காரில் சேர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டேன்.

1978-ல் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானது. சம்பந்திகள் வெள்ளிப் பாத்திரப் பட்டியல் ஒன்றை நீட்டினார்கள். "வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்தாச்சே. மாமா, நீங்களும் சர்க்கார் உத்தியோகஸ்தர்தானே?" என்றாள் பெரியம்மா. பட்டியல் பைக்குள் போய்விட்டது.

கன்னிகாதானம் செய்ய வேண்டியவர்கள் பெரியப்பாவும் பெரியம்மாவும். முகூர்த்த நேரம் நெருங்குகிறது. அம்மா ஸ்டோர் ரூமில் கதவோரம் நிற்கிறாள். அந்தக் காலத்தில் அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை, அம்மா உட்பட. "பெத்தவள் அங்க நிக்கற வரைக்கும் நான் மணையில உக்காரமாட்டேன்" என்றாள் பெரியம்மா. சாஸ்திரிகள் கடிகாரத்தைப் பார்த்தார். "அழைச்சுண்டு வாங்கோ" என்றார். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போட்டாள். இரண்டு மாமிகள் சாப்பிடாமலே போனார்கள்.

பெரியம்மா சொன்னதெல்லாம் சரி என்று நான் வாதாட மாட்டேன். மாட்டுப்பெண்களிடம் அத்தனை கடுமை வேண்டியதில்லை. கூடத்தில் அன்று கேட்ட வார்த்தைக்காக மாமா பதினோரு வருஷம் அவள் வாசற்படி மிதிக்கவில்லை. அவர் படுத்த படுக்கையானபோது, கூப்பிடாமலே போய் ஒரு மாதம் இருந்து ரசஞ்சாதம் கரைத்துப் போட்டவளும் அவள்தான். மருந்தை வேளைக்குச் சாப்பிடவில்லை என்று அங்கேயும் சண்டைதான்!

அம்மா 2012-ல் போய்ச் சேர்ந்தாள். பென்ஷனில் மிச்சம் பிடித்த பணத்தைப் பெரியம்மாவின் பேத்தியின் படிப்புக்கென்று எழுதி வைத்திருந்தாள். "என்னைக் கேக்காம எப்படி எழுதினா?" என்று பெரியம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் பேத்தியைக் கூப்பிட்டு, காலேஜ் ஃபீஸ் எவ்வளவு, என்றைக்குக் கட்ட வேண்டும் என்று விசாரித்தாள். 2019-ல், 91-ஆம் வயதில் பெரியம்மா காலமானாள். பேத்தி பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். பேச்சும் பாட்டி மாதிரிதான்.